வாசலில் காது, வாசலில் வாய்: என்3 தேர்வில் கான்ஜி படித்த ஒரு செவிலியரின் நிகழ்வு ஆய்வு

டிசம்பர் தேர்வின் முடிவு ஜனவரிக் கடைசியில் வந்தது. கைப்பேசியில் மதிப்பெண் பட்டியலைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மொழியறிவு 28, வாசிப்பு 17, கேட்டல் 51. கூட்டினால் 96. ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்3 நிலைக்கு 180-க்கு 95 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் மூன்று பகுதிகளிலும் தலா 60-க்கு 19-ஆவது எடுத்திருக்க வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் தோல்விதான். வாசிப்பில் இரண்டு குறைந்தது, தேர்வு கையைவிட்டுப் போனது.

"அறுநூத்தம்பது கான்ஜியும் எழுதிப் பாத்துட்டுத்தாங்க்கா போனேன்" என்றார். கான்ஜி என்பது ஓசையோடு பொருளையும் தாங்கும், பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த ஜப்பானிய எழுத்து. பையிலிருந்து மூன்று இருநூறு பக்க நோட்டுகளை எடுத்து வைத்தார். பொய்யில்லை. ஒவ்வொரு எழுத்தும் இருபது முறை, கட்டத்துக்குள் அளவெடுத்த மாதிரி எழுதப்பட்டிருந்தது. அப்படி எழுதிய ஒருவர் வாசிப்பில் 17 வாங்கக் கூடாது. எங்கே பிசகியது என்று தேடியதில் கிடைத்ததை, அவருடைய சம்மதத்தோடு பெயர் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். தமிழ் வழியாக ஜப்பானிய மொழி படிப்பவர்கள் பலருடைய நோட்டில் இதே பிசகு இருக்கிறது என்பதுதான் எழுதக் காரணம்.

ஆளும் சூழலும்

அவருக்கு வயது 27. நர்சிங் பட்டம் முடித்து, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. பிறந்த வீடு ஏற்காட்டுக்கு மேலே நாகலூர்ப் பக்கம். பெற்றோருக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. புகுந்த வீடு செவ்வாப்பேட்டை. கணவர் குடும்பத்துக்குச் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை உண்டு. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பி, அஸ்தம்பட்டியில் வீட்டு மாடியில் வகுப்பு எடுக்கிறேன். வேறொரு பயிற்சி மையத்தில் என்4 முடித்துவிட்டு என்3-க்காக என்னிடம் வந்தார். வந்தபோது தேர்வுக்கு மூன்றே மாதம் இருந்தது.

முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போக வேண்டும் என்பது அவர் திட்டம். 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவுக்கு, பொது மொழித் தேர்வில் என்4 போதும்; பராமரிப்பு வேலைக்கென்று தனியாக ஒரு மொழித் தேர்வும் உண்டு. என்4-ஐ அவர் ஏற்கெனவே தாண்டிவிட்டார். அப்புறம் எதற்கு என்3 என்று கேட்டேன். "அங்க போயி நைட் ஷிப்ட் முடிஞ்சு கைமாத்தும்போது, முன்னாடி இருந்தவங்க எழுதி வச்சத நானே படிச்சுப் புரிஞ்சுக்கணும்க்கா. ஒவ்வொரு தடவையும் யாரையாச்சும் கூப்பிட்டுக் கேட்டுட்டு நிக்க முடியாது." வார்டில் ஒரு வரியைத் தப்பாகப் படித்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர் சொன்ன காரணம் அது. அதனால்தான் இந்தத் தோல்வியை மதிப்பெண் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

தேர்வு என்ன கேட்கிறது

1984-இல் தொடங்கிய இந்தத் தேர்வு, 2010-லிருந்து எளிய என்5 முதல் கடினமான என்1 வரை ஐந்து நிலைகளாக நடக்கிறது. ஜூலையிலும் டிசம்பரிலும் வரும். முழுவதும் தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்து பென்சிலால் வட்டத்தை நிரப்புவதுதான். ஓர் எழுத்தைக்கூடக் கையால் எழுத வேண்டியதில்லை. பழைய முறையில் நிலைக்கு இத்தனை என்று கான்ஜிப் பட்டியல் இருந்தது: சுமார் 100, 300, 1000, 2000. புது முறையில் அதிகாரபூர்வப் பட்டியல் கிடையாது. என்3-க்கு 650 என்று ஊரெல்லாம் சொல்வது பாடநூல்காரர்களின் மதிப்பீடு. அந்த எண்ணை முடித்தால் பாடம் முடிந்தது என்று நம்புவதிலேயே முதல் ஏமாற்றம் இருக்கிறது.

என்3-இல் முதல் 30 நிமிடம் சொல்வளம். அதில் ஏறத்தாழ 35 கேள்விகள். கான்ஜியில் எழுதிய சொல்லின் உச்சரிப்பைக் கேட்பவை எட்டு, உச்சரிப்பைத் தந்து கான்ஜியைக் கேட்பவை ஆறு. அடுத்த 70 நிமிடம் இலக்கணமும் வாசிப்பும். வாசிப்பில் 150 எழுத்துச் சிறு குறிப்பில் தொடங்கி 550 எழுத்துக் கட்டுரை வரை போகும். கடைசியில் ஓர் அறிவிப்பையோ விளம்பரத்தையோ தந்து இரண்டு கேள்வி கேட்பார்கள். கடைசி 40 நிமிடம் கேட்டல். கான்ஜிக்கென்று தனியாக இருப்பது 14 கேள்விகள்தான் என்றாலும், கான்ஜி தெரியாதவருக்கு அந்த 70 நிமிடமும் இருட்டுதான்.

முதலில் சந்தேகப்பட்டவை

நோட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் மற்றவற்றைப் பார்க்க வேண்டும் அல்லவா? சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரண்டு இரவும் அவருக்குப் பணி. சனிக்கிழமை இரவு சேலத்தில் பேருந்து ஏறி, விடியற்காலை சென்னையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே தேர்வு அறைக்குப் போயிருக்கிறார். கண் எரிந்துகொண்டே இருந்ததாம். இது சின்ன விஷயமில்லை. ஆனால் களைப்பு மட்டுமே காரணம் என்றால், நாளின் கடைசியில் வரும் கேட்டல் பகுதிதான் அதிகம் அடிபட்டிருக்க வேண்டும். அதில் 51 வாங்கியிருக்கிறார்.

இலக்கணமா? மதிப்பெண் பட்டியலின் கீழே குறிப்புக்காக ஏ, பி, சி என்று போட்டிருப்பார்கள். அந்தப் பிரிவில் 67 விழுக்காட்டுக்கு மேல் சரியாக எழுதியிருந்தால் ஏ, 34-க்குக் கீழே போனால் சி. அவருக்கு இலக்கணம் பி, சொல்வளம் சி. இலக்கணத்தில் தடுமாற்றம் உண்டு, ஆனால் விழுந்த இடம் அது இல்லை.

நினைவாற்றலா? அவர் தன்னையே குறை சொன்னது இதற்குத்தான்: "எனக்கு மண்டைல நிக்க மாட்டேங்குது." அதைச் சோதிக்க நாற்பது சொற்களை எடுத்தேன். முதலில் நான் வாயால் சொன்னேன், அவர் பொருள் சொன்னார்: 36 சரி. அடுத்த வாரம் அதே நாற்பதைக் கான்ஜியில் காட்டிப் பொருள் கேட்டேன்: 27. பிறகு அந்தக் கான்ஜிக்கு உச்சரிப்பை ஹிராகானாவில், அதாவது ஓசையை மட்டும் காட்டும் ஜப்பானிய எழுத்தில், எழுதச் சொன்னேன்: 15. தப்பான 25-இல் 12 சொற்களில் ஒரே வகைத் தப்பு. கா வர வேண்டிய இடத்தில் வல்லோசையும் மெல்லோசையும் இடம் மாறியிருந்தன; தாவிலும் அப்படியே. நெடில் தவறியது ஒன்றே ஒன்று.

36 சொற்களைக் காதால் கேட்டுப் பொருள் சொல்பவருக்கு நினைவில் குறை இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஏதோ அறுந்திருக்கிறது. மறுபடி நோட்டைத் திறந்தேன்.

நோட்டில் கண்டது

ஒவ்வொரு கான்ஜிக்குப் பக்கத்திலும் உச்சரிப்பு தமிழ் எழுத்தில் இருந்தது.

முந்தைய மையத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். என்னிடம் வந்த பிறகும் அவர் அதையே தொடர்ந்தார். நான் பார்த்தேன், "சரி, மூன்று மாதம்தானே இருக்கிறது" என்று விட்டுவிட்டேன். அது என் தவறு. இந்த நிகழ்வில் எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான்.

தமிழ் எழுத்து ஜப்பானிய ஒலிக்குப் பாதி அருமையாகப் பொருந்தும். குறிலும் நெடிலும் ஜப்பானிய மொழியில் பொருளை மாற்றும்: ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. ஒற்று இரட்டித்தாலும் மாறும்: கிதெ என்றால் வந்து, கித்தெ என்றால் தபால் தலை. இவை ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களைப் பாடாய்ப் படுத்தும். நமக்கு ஒன்றாம் வகுப்பிலேயே ஊறிப்போனவை. அவருடைய கேட்டல் மதிப்பெண்ணுக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மீதிப் பாதியில்தான் குழி. தமிழில் க ஒன்றுதான். "கல்" என்றால் வலிக்கிறது, "தங்கம்" என்றால் மெலிகிறது. சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை, மெல்லின ஒற்றுக்குப் பின்னால் மெல்லோசை. இடமே ஓசையைச் சொல்லிவிடுவதால் தனி எழுத்து தேவைப்படவில்லை. ஜப்பானிய மொழியில் அது இடத்தைப் பொறுத்ததில்லை. அங்கே ஹிராகானா எழுத்தின் தோளில் இரண்டு சிறு கோடு போட்டால்தான் மெலியும். அந்தக் கோடுகளை வகுப்பில் தென்தென் என்போம். நலமாக இருப்பதைச் சொல்லும் கென்கி என்ற சொல்லில், முதல் எழுத்து மெலிந்தும் கடைசி எழுத்து வலித்தும் வர வேண்டும். நம் விதிக்கு நேர் எதிர். வகுப்புக்குள் நுழையும்போது அவர் அதைச் சரியாகச் சொல்வார். காந்தியை க போட்டு எழுதி, மெலித்துச் சொல்லத் தெரிந்த நாக்குதானே. ஆனால் தாளில் நான்கு விடைகளைப் பார்த்ததும், நோட்டில் இருக்கும் தமிழ் எழுத்து கண் முன்னால் வருகிறது. அதில் கோடு இல்லை. வானிலைக்கும் மின்சாரத்துக்கும் நோட்டில் ஒரே "தென்கி". முதலாவது வலித்த த, இரண்டாவது மெலிந்த த. பொன்னுக்கும் வெள்ளிக்கும் ஒரே "கின்". கேள்வி தயாரிப்பவர்கள் இதே இடத்தில்தான் கை வைப்பார்கள்: நெடில் மாறிய ஒரு விடை, ஒற்று விட்டுப்போன ஒரு விடை, தென்தென் மாறிய ஒரு விடை, சரியான ஒன்று. முதல் இரண்டையும் அவர் உடனே தள்ளிவிடுவார். மிச்சம் இரண்டுக்கு நடுவே நாணயத்தைச் சுண்டிப் பார்க்கிற நிலைதான்.

இரண்டாவது, பொருள் எழுதிய விதம். எல்லாம் ஒற்றைச் சொல்லாக இருந்தது. அவருடைய நோட்டின் 41-ஆம் பக்கத்தில் "கேள்" என்று ஒரு கான்ஜி. 112-ஆம் பக்கத்தில் இன்னொரு கான்ஜிக்கும் "கேள்".

கான்ஜியில் வாசல் என்று ஓர் எழுத்து உண்டு. இரட்டைக் கதவு சாத்திய மாதிரி இருக்கும். அதற்குள்ளே வாய் என்ற எழுத்தை வைத்தால் வினவுதல். காது என்ற எழுத்தை வைத்தால் செவியால் கேட்டல். தமிழில் இரண்டுக்கும் கேள் என்றே சொல்கிறோம். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஜப்பானியர்களும் அப்படித்தான். கிகு என்ற வினைச்சொல்லுக்குச் செவிமடுப்பது, விசாரிப்பது இரண்டும் பொருள். அதை எழுதும்போது இரண்டுக்கும் காது வைத்த வாசலையே எழுதலாம். வாய் வைத்த வாசல் பெரும்பாலும் மொன் என்ற ஓசையோடு கூட்டுச் சொற்களில் வரும்: ஷித்சுமொன் என்றால் கேள்வி, மொன்தய் என்றால் சிக்கல் அல்லது வினா. காது வைத்த வாசல் புன் என்ற ஓசையோடு ஷின்புனில் வரும். புதிது, கேட்டது: இரண்டும் சேர்ந்து செய்தித்தாள். இப்படிச் சொல்லாகப் படித்திருந்தால் குழப்பமே வந்திருக்காது. வெறும் "கேள்" என்று எழுதியதால், தேர்வில் கேள்வி என்ற சொல்லைப் பார்த்துச் செய்தித்தாள் என்று நினைத்து ஒரு பத்தி முழுக்கத் தடம் மாறிப் படித்ததாக அவரே சொன்னார்.

கோயில் குடும்பமும் அப்படி. கோயில் என்ற எழுத்துக்கு இடப்பக்கம் சூரியன் வந்தால் நேரம், கை வந்தால் வைத்திருத்தல், நடையைக் குறிக்கும் உறுப்பு வந்தால் காத்திருத்தல், மாடு வந்தால் சிறப்பு, பேச்சு வந்தால் கவிதை. வைத்திரு என்பது மொத்சு, காத்திரு என்பது மத்சு. இடப்பக்கத்தில் ஒரு கோடு கண்ணுக்குத் தப்பினால் குடையை வைத்திருப்பவர் குடைக்காகக் காத்திருப்பவராகிவிடுவார். நோட்டில் இந்த ஐந்தும் ஐந்து வெவ்வேறு மாதத்தில், ஒன்றையொன்று பார்க்காமலே இருந்தன.

மூன்றாவது, அந்த இருபது முறை. கை எழுதும்போது மனம் எங்கோ இருப்பது அவருடைய எழுத்திலேயே தெரிந்தது: முதல் மூன்று கட்டம் கவனமாக, பிறகு அச்சு. எழுதிப் பழகுவது வீண் என்று சொல்ல மாட்டேன். கோட்டு வரிசை தெரிந்தவருக்கு ஒத்த எழுத்துகளின் வித்தியாசம் சீக்கிரம் பிடிபடும். ஆனால் எழுதச் சொல்லாத தேர்வுக்கு, கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் அரை மணியை இதற்கே கொடுத்தால் வாசிப்புக்கு என்ன மிஞ்சும்? மூன்று மாதத்தில் அவர் நேரம் வைத்துப் படித்த பத்திகள் ஆறுதான்.

மாற்றியவை

பிப்ரவரி முதல் வாரம் புது நோட்டு போட்டோம். விதி ஒன்றுதான்: ஒலிக்குத் தமிழ் எழுத்து கிடையாது, பொருளுக்குத் தமிழ் தாராளமாக உண்டு. முதல் நெடுவரிசையில் கான்ஜிச் சொல், நடுவில் ஹிராகானா, தென்தென் வரும் இடமெல்லாம் சிவப்புப் பேனா. மூன்றாவதில் தமிழ், அதுவும் ஒற்றை வினையாக இல்லாமல் தொடராக: "வாயால் கேட்ட கேள்வி", "வரிசையில் நின்று காத்திருந்தார்".

"தமிழ்ல எழுதுனா டக்குனு படிச்சிருவேன்க்கா, இது கையே ஓட மாட்டேங்குது" என்று முதல் மூன்று வாரம் சடைந்துகொண்டார். நாளுக்குப் பதினைந்து சொல் படித்தவர் ஆறுக்கு இறங்கினார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு முறை விட்டுக்கொடுத்த பலனைத்தான் பார்த்துவிட்டோமே.

திருப்பம் வந்தது வெள்ளியில். பொன் என்ற எழுத்து இடப்பக்கம் நின்றால் அது உலோகத்தைக் குறிக்கும். வெள்ளி, இரும்பு, செம்பு, ஊசி, சிறுமணி எல்லாம் அந்தக் குடும்பம். மாமனார் கையில் வெள்ளி, பட்டறையில் கலக்கிற செம்பு, கொலுசில் கோக்கிற மணி, செவிலியரான அவர் கையில் ஊசி. ஒரே நாளில் ஐந்தும் பதிந்துவிட்டன. "தங்கம் என்று சொல்லும்போது வருகிற மெலிந்த க இருக்கிறதே, அதை எடுத்து வெள்ளிக்குக் கொடுத்துவிடு. பொன்னுக்குக் கல்லின் க" என்றேன். அன்றைக்குப் பிறகு அந்த இரண்டும் அவருக்கு மாறவில்லை. வெள்ளியோடு "போ" என்பதற்கான எழுத்து சேர்ந்தால் வங்கி. அந்த எழுத்து இங்கே வணிகர் கடை என்ற பழைய பொருளில் நிற்கிறது.

செம்பு இன்னொரு கதவைத் திறந்தது. அதன் வலப்பக்கம் இருப்பது "அதே" என்ற எழுத்து. அதற்கும் செம்புக்கும் பொருளில் தொடர்பு இல்லை. ஓசையில் உண்டு, இரண்டுக்கும் மெலிந்த தகரத்தோடு தோ என்று ஓசை. கான்ஜிகளில் பெரும்பான்மை இப்படித்தான், ஒரு பக்கம் பொருளைக் காட்டும், மறுபக்கம் ஓசையைக் காட்டும். நீலம் என்ற எழுத்தின் ஓசை ஸெய். அதோடு சூரியன் சேர்ந்தால் தெளிந்த வானம், நீர் சேர்ந்தால் தூய்மை, மூன்றுக்கும் ஸெய்தான். மனம் சேர்ந்தால் உணர்வு, ஆனால் அங்கே ஜோ என்று மாறிவிடும். கோயில் குடும்பத்திலும் நேரமும் வைத்திருத்தலும் ஜி, காத்திருத்தல் தய், சிறப்பு தொகு. விதி விலகும் இடங்களைத் தனியாகக் குறித்துக்கொண்டால், தெரியாத எழுத்துக்கும் ஓசையை ஊகிக்கத் துணிவு வருகிறது. எட்டுக் கேள்வியில் இரண்டையாவது இந்த ஊகம் காப்பாற்றும் என்பது என் அனுபவம்.

கூட்டுச் சொற்களில் ஓசை மாறுவதைப் புணர்ச்சி என்று சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் மரம், கள் சேர்த்து மரங்கள் என்று எழுதியவர்தானே. தனியே நிற்கும்போது வலிக்கிற க அங்கே மெலிகிறது. ஜப்பானிய மொழியில் கையும் தாளும் சேர்ந்தால் கடிதம்: தெ, கமி இரண்டும் சேர, க மெலிந்துவிடும். படிப்பைக் குறிக்கும் எழுத்தும் கூடத்தைக் குறிக்கும் எழுத்தும் சேரும்போது நடுவே உள்ள உகரம் கெட்டு ஒற்று இரட்டித்துப் பள்ளிக்கூடம் என்ற சொல் வருகிறது. புறப்படுதலுக்கு ஷுத்சு, ஹத்சு சேர்ந்து ஷுப்பத்சு. ஆங்கிலத்தில் இதற்கு அட்டவணை போட்டு விளக்கிய புத்தகத்தை அவர் மூன்று முறை படித்தும் பிடிபடாதது, "உயிர் கெட்டு ஒற்று மிகுதல்" என்றதும் ஒரு மாலையில் பிடிபட்டது.

திரும்பப் பார்ப்பதற்குக் கைப்பேசிச் செயலி வைத்திருந்தார். அதில் 1,400 அட்டை பாக்கி என்று தினமும் காட்டியது. அதைப் பார்த்தாலே மனம் சோர்ந்தது. நீக்கிவிட்டு, பட்டறையிலிருந்து கொலுசு வைக்கும் அட்டைப் பெட்டி ஐந்து கொண்டுவரச் சொன்னேன். முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவது வாரம் ஒரு முறை, அப்படியே கடைசிப் பெட்டி மாதம் ஒரு முறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தப்பினால் எங்கே இருந்தாலும் முதல் பெட்டிக்கு. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய முறை இது. புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிவதில் ஒரு நிம்மதி உண்டு.

விடுப்பு நாளில் அம்மா வீட்டுக்குப் பேருந்தில் போவார். மலைப் பாதையில் புத்தகம் பிரித்தால் குமட்டும். அதனால் அடிவாரம் தாண்டியதும் புத்தகத்தை மூடிவிட்டு, கொண்டை ஊசி வளைவு ஒன்றுக்கு ஒரு சொல் என்று இருபது வளைவுக்கும் இருபது சொல்: எழுத்தின் உறுப்புகளை மனத்துக்குள் வரைந்து, ஓசையைச் சொல்லி, தென்தென் எங்கே என்று விரலால் மடியில் குறிப்பார். அப்படி ஒரு பயணத்தில்தான் கணவாய் என்ற எழுத்தைச் சொல்லிக்கொடுத்தேன். மலை, மேலே, கீழே: மூன்றும் சேர்ந்த எழுத்து, சீனாவிலிருந்து வராமல் ஜப்பானிலேயே உருவானது. என்3-க்குத் தேவையில்லாததுதான். தேவையில்லாத ஒன்றையும் ஆசையாகக் கற்றுக்கொண்டார் என்பது எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது.

மார்ச்சிலிருந்து தினமும் ஒரு பத்தி, கடிகாரம் வைத்து. இங்கே நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பத்தியைப் படிக்கும்போது ஒவ்வொரு கான்ஜியிலும் நின்று, உதட்டைச் சரியாக அசைத்து ஓசையைச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். ஓசை வராவிட்டால் அங்கேயே நிற்பார். சொல்வளப் பகுதிக்கு ஓசை வேண்டும். 550 எழுத்துக் கட்டுரையில் பொருள் தெரிந்தால் போதும், ஓசை தெரியாவிட்டாலும் தாண்டிப் போகலாம். கான்ஜியின் பலமே அதுதான். மருந்துச் சீட்டில் வாயில் நுழையாத பெயரைப் பார்த்ததும் உச்சரித்துக்கொண்டா நிற்கிறீர்கள், என்ன மருந்து என்று தெரிந்து எடுத்துக் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். புரிந்துகொண்டார். பழக்கம் மாற மட்டும் ஏப்ரல் கடைசி ஆனது. கூடவே, கடைசியில் வரும் அறிவிப்புக் கேள்விகள் இரண்டையும் நீண்ட கட்டுரைக்கு முன்பே முடித்துவிடுவது என்று வரிசையையும் மாற்றினோம். முதல் தேர்வில் அந்த இரண்டையும் அவர் பார்க்கவே இல்லை.

ஜூலையும் அதன் பிறகும்

மே மாதம் அதே நாற்பது சொற்களை மறுபடி வைத்தேன். கான்ஜியைப் பார்த்து ஹிராகானாவில் உச்சரிப்பு: 34. தென்தென் தப்பு இரண்டு. சொற்கள் பழகிப்போனதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் புதிய நாற்பதையும் வைத்தேன், அதில் 29. அதைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

ஜூலைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே பணிமாற்றம் கேட்டு வாங்கி, சனிக்கிழமை பகலில் சென்னை போய்ச் சித்தி வீட்டில் தூங்கி எழுந்து தேர்வெழுதினார். முடிவு: மொழியறிவு 37, வாசிப்பு 30, கேட்டல் 50. மொத்தம் 117, தேர்ச்சி. சொல்வளம் சியிலிருந்து ஏ. இலக்கணம் பியிலேயே நிற்கிறது. வாசிப்பு 17-லிருந்து 30 ஆனதில் எவ்வளவு நோட்டு மாற்றத்தால், எவ்வளவு நேரம் வைத்துப் படித்ததால், எவ்வளவு ஒரு நல்ல இரவுத் தூக்கத்தால் என்று பிரித்துச் சொல்ல ஒரே ஆளின் கதையால் முடியாது. சொல்வளத்தின் ஏறுமுகத்துக்கு மட்டும் நோட்டைத்தான் காரணமாகச் சொல்வேன், தென்தென் தப்புகள் குறைந்ததை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என்னிடம் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே ஹிராகானா, இரண்டாவது வாரத்திலிருந்து ஒலிக்குத் தமிழ் எழுத்து கிடையாது. அழுத்தமாகச் சொல்கிறேன், சிலர் கோபித்துக்கொண்டு நின்றும் விடுகிறார்கள். என்5 எழுதுகிறவருக்கு ஆரம்பத்தில் தமிழ் எழுத்து பெரிய கைத்தாங்கல்தான், அதை மறுக்கவில்லை. அது என்4 வரை தாங்கும். எளிய நிலைகளின் வினாத்தாளில் கான்ஜியின் தலைமேல் சிறிதாக உச்சரிப்பு அச்சிட்டிருப்பது உண்டு. என்3-இல் அது குறையும்போது நோட்டில் இருப்பதுதான் துணை.

அவருக்குத் தீராதது ஒன்று இருக்கிறது. எழுதுவதைக் குறைத்ததால், பார்த்ததும் படிக்கிற பல எழுத்துகளை இப்போது அவரால் கையால் எழுத முடியவில்லை. தேர்வுக்கு அது தேவைப்படவில்லை. வார்டில் குறிப்பு எழுத, நகராட்சி அலுவலகத்தில் முகவரிப் படிவம் நிரப்பத் தேவைப்படும். ஆகஸ்டிலிருந்து வாரம் பத்து எழுத்து என்று மறுபடி கட்டம் போட்ட நோட்டு தொடங்கியிருக்கிறோம். எழுத்துக்கு மூன்று முறைதான், ஒத்த எழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முதல் வாரத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது செவிலியத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. மேலே கை, கீழே கண்.